ஹவுஸ் சர்ஜன் ஏன் எரிந்து விழுகிறார்? பர்ன்அவுட் பற்றி ஓர் எளிய விளக்கம்

அரசு ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டிக்கு நள்ளிரவில் போய் வந்தவர்களிடம் பெரும்பாலும் ஒரு புகார் இருக்கும். "சின்னப் பையன்தான், டாக்டராம். முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கலை. அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டதுக்கு வள்ளுனு விழறான்." கேட்பவர்கள் இதற்கு இரண்டு காரணங்களைத் தயாராக வைத்திருப்பார்கள். படித்த திமிர் என்பது ஒன்று. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லை என்பது மற்றொன்று.

மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம்: வேலையால் மனம் வற்றிப்போகும் பர்ன்அவுட். ஆனால் அந்தச் சொல் சல்லிசாகிவிட்டது. பரீட்சை முடிந்த அலுப்பு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரும் சோம்பல், மேனேஜர் மேல் உள்ள கடுப்பு, எல்லாவற்றுக்கும் அதே பெயர்தான். ஆய்வாளர்களும் இதில் ஒழுங்கில்லை. மருத்துவர்களிடம் பர்ன்அவுட் எவ்வளவு இருக்கிறது என்று அளந்த 182 ஆய்வுகளை 2018-ல் ஒரு குழு சேர்த்துவைத்துப் பார்த்தது. அவற்றில் குறைந்தது 142 விதமான வரையறைகள் இருந்தன. விடையும் அப்படியே: ஓர் ஆய்வில் பூஜ்யம், இன்னொன்றில் 80 சதவீதம். "டாக்டர்களில் பாதிப் பேருக்கு பர்ன்அவுட்" என்று யாராவது ஒரே வரியில் சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

அளவுகோலில் குழப்பம் இருக்கிறதே தவிர, விஷயம் நிஜம். மருத்துவப் பயிற்சியில் இருப்பவர்களிடம் அது பளிச்சென்று தெரியும் என்பதால் அவர்களை வைத்தே பார்ப்போம்.

இவர்கள் மாணவர்களா, ஊழியர்களா?

எம்.பி.பி.எஸ். என்பது நாலரை வருடப் படிப்பு. அதன்பின் ஒரு வருடம் கட்டாயப் பயிற்சி. அந்த ஒரு வருடத்தில் இருப்பவர்தான் ஹவுஸ் சர்ஜன். அதற்கு மேல் எம்.டி., எம்.எஸ். என்று மூன்று வருடம் படிப்பவரை ஆஸ்பத்திரியில் பி.ஜி. என்பார்கள். வார்டில் பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவிகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அவர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு என்பது தனி வருத்தம்.

இவர்கள் மாணவர்களா, ஊழியர்களா என்றால், இரண்டும்தான். கையில் தரும் பணத்துக்குச் சம்பளம் என்று பெயர் கிடையாது, ஸ்டைபெண்ட். அந்த வகையில் மாணவர். ராத்திரி வார்டில் ஆள் வேண்டும் என்றால் ஊழியர். இந்த இரண்டுங்கெட்டான் நிலை பின்னால் முக்கியமாகும்.

டூட்டி எப்படி ஓடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பொது மருத்துவம், அறுவை சிகிச்சை போன்ற துறைகள் பல யூனிட்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஓர் அட்மிஷன் நாள் உண்டு. அன்று காலையிலிருந்து மறுநாள் காலைவரை வந்து சேரும் நோயாளிகள் அந்த யூனிட்டின் பொறுப்பு. கணக்குப்படி 24 மணி நேரம். ஆனால் மறுநாள் எட்டு மணிக்கு யாரும் கிளம்பிவிட முடியாது. இரவில் சேர்ந்தவர்களை யூனிட்டின் தலைவரான சீஃப் ரவுண்ட்ஸில் பார்ப்பார். அவர் கேட்கும் கேள்விக்கு இரவில் பார்த்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். ரவுண்ட்ஸில் எழுதிய ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மற்ற துறைகளின் கருத்து என எல்லாம் முடிய வேண்டும். அப்படியே சாயங்காலம் ஆகிவிடும். 24 மணி நேரம் 36 ஆவது இப்படித்தான். டூட்டிப் பட்டியலில் 36 என்று யாரும் எழுதுவதில்லை.

ஸ்ட்ரெஸ் கெட்டதா?

"இறைக்கிற கிணறுதான் ஊறும்" என்று பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளிடம் பெரியவர்கள் சொல்வதுண்டு. உண்மைதான். ஆனால் கிணற்றுப் பாசனம் செய்தவர்களுக்கு அதன் மறுபாதியும் தெரியும். நாலு மணி நேரம் மோட்டார் ஓடினால் கிணறு வற்றும். நிறுத்திவிட்டால் ராத்திரியில் ஊற்று சுரந்து விடியலில் தண்ணீர் நிற்கும். நிறுத்தாமல் ஓட்டினால் முதலில் சேறு வரும், அப்புறம் வெறும் காற்று வரும், கடைசியில் மோட்டார் காயில் போய்விடும். கிணற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊறுவதற்கு இடைவெளி விடவில்லை, அவ்வளவுதான்.

உடம்பிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. ஒரு நெருக்கடி வந்ததும் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ் என்ற சிறு பகுதி விழித்துக்கொள்கிறது. நரம்பு வழியே போகும் கட்டளையில் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் விடுகிறது. இதயம் வேகமாக அடிக்கும், கவனம் கூர்மையாகும். இது நொடிகளில் நடப்பது. சில நிமிடங்கள் கழித்து இரண்டாவது வரிசை வருகிறது. ஹைபோதலாமஸ் தனக்குக் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரினலுக்குச் சொல்ல, கார்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கிறது. நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கத் தேவையான சர்க்கரையை ரத்தத்தில் ஏற்றி வைப்பது அதன் வேலைகளில் ஒன்று. இந்த மொத்த ஏற்பாட்டுக்கும்தான் ஸ்ட்ரெஸ் என்று பெயர். இந்தப் பொருளில் அந்தச் சொல்லைப் பரவலாக்கியவர் ஹான்ஸ் செலியே. எலிகளை வைத்து அவர் செய்த சோதனைகள் 1936-ல் வெளிவந்தன.

இந்த ஏற்பாடு இல்லாவிட்டால், மூச்சு நின்றுபோகும் நிலையில் கொண்டுவரப்பட்ட ஒருவருக்குத் தொண்டையில் குழாய் இறக்க யாராலும் முடியாது. அந்தப் பத்து நிமிடத்தில் கை நடுங்காமல் இருப்பதற்குக் காரணமே ஸ்ட்ரெஸ்தான். கார்டிசால் போதுமான அளவு ஏறியதும் அதுவே மூளைக்குத் "போதும், நிறுத்து" என்று தகவல் அனுப்பும். நெருக்கடி தீர்ந்ததும் எல்லாம் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். அடுத்த ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போது திரும்புதல் பாதியில் நிற்கிறது. அதற்கடுத்த ஆம்புலன்ஸில் கால்வாசிகூட நடப்பதில்லை.

(இணையத்தில் 'அட்ரினல் ஃபெடீக்' என்று ஒன்று விற்கிறார்கள், அட்ரினல் சுரப்பியே களைத்துப்போய்விடுமாம். அதற்குச் சத்து மாத்திரையும் உண்டு. மருத்துவம் அங்கீகரித்த நோய்ப் பட்டியலில் அப்படி எதுவும் இல்லை.)

இதுவரை பார்த்தது: ஸ்ட்ரெஸ் உடம்பின் உதவி. அதிலிருந்து இறங்கி வர நேரம் கிடைக்காதபோதுதான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில் பறிபோவது தூக்கம்

இறங்கி வருவதற்கு உடம்பு நம்பியிருக்கும் பெரிய வழி தூக்கம். 1997-ல் 'நேச்சர்' இதழில் டாசன், ரீட் என்ற இருவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரே ஆட்களை ஒருமுறை தூங்கவிடாமல் விழிக்க வைத்தார்கள், இன்னொருமுறை அளந்து மது கொடுத்தார்கள். இரண்டு தடவையும் கையும் கண்ணும் எவ்வளவு சேர்ந்து வேலை செய்கின்றன என்று பார்த்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்பாடு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருக்குச் சமமாக இருந்தது. 24 மணி நேரம் விழித்தால் ஏறக்குறைய 0.10 சதவீதம். நம் மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல், அதாவது 0.03 சதவீதத்துக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது. ஊதச் சொன்னால் மாட்டிக்கொள்ளும் அளவைப்போல மூன்று மடங்கு தடுமாற்றத்தில் இருப்பவர்தான் அட்மிஷன் முடிந்த காலையில் மருந்தின் டோஸ் எழுதுகிறார்.

இதைவிட மோசமான விஷயம், தூக்கம் குறைந்தவருக்கு அது தெரியாது. 2003-ல் வந்த ஓர் ஆய்வில், இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமே தூங்கியவர்களைச் சோதித்தார்கள். கடைசியில் அவர்களுடைய கவனம், ஓரிரு இரவுகள் சுத்தமாகத் தூங்காதவர்களின் நிலைக்கு இறங்கியிருந்தது. ஆனால் கேட்டால், கொஞ்சம்தான் தூக்கம் வருகிறது என்றார்கள். "எனக்குப் பழகிடுச்சு, நாலு மணி நேரம் தூங்கினா போதும்" என்று பெருமையாகச் சொல்லும் பி.ஜி.யை நான் நம்புவதில்லை. பொய் சொல்கிறார் என்பதால் அல்ல, அவருக்கே தெரியாது என்பதால்.

நோயாளியின் பக்கமும் கணக்கு இருக்கிறது. 2004-ல் அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு விதமான டூட்டி முறைகளை ஒப்பிட்டார்கள். 24 மணி நேரமும் அதற்கு மேலும் தொடர்ந்து வேலை பார்க்கும் பழைய முறையில், பயிற்சி மருத்துவர்கள் செய்த கடுமையான தவறுகள் 36 சதவீதம் அதிகம்.

தூக்கம் கெட்டால் கோபம் ஏன் வருகிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. மூளையின் உள்ளே அமிக்டலா என்று பாதாம்பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது. பயம், கோபம் ஆகியவற்றுக்கான மணியை அடிப்பது அது. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி அதை "சும்மா இரு" என்று அடக்கிக்கொண்டே இருக்கும். தூங்காத மூளையில் இந்த இரண்டுக்கும் இடையிலான தொடர்பு தளர்கிறது. அந்த நேரத்தில் "என்ன ஆச்சு டாக்டர்?" என்று வரும் சாதாரணக் கேள்விகூடத் தாக்குதலாகக் காதில் விழும்.

இனி பர்ன்அவுட்

தூக்கமின்மை ஒன்றுதான் சிக்கல் என்றால் நாலு நாள் லீவு போட்டுத் தூங்கினால் சரியாகிவிடும். பர்ன்அவுட் அப்படிச் சரியாவதில்லை.

இந்தச் சொல்லை உளவியலுக்குள் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். நியூயார்க்கில் ஏழைகளுக்கும் போதைப் பழக்கத்தில் விழுந்தவர்களுக்கும் நடந்த இலவச மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அங்கே ஆர்வமாக வந்து சேர்ந்தவர்கள் மெல்ல மெல்ல உள்ளுக்குள் வெறுமையாகிப் போவதைப் பார்த்து 1974-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஆக, இது பிறந்ததே மருத்துவப் பணியைப் பற்றிய பேச்சில்தான். ஐ.டி. கம்பெனிகள் பின்னால் எடுத்துக்கொண்டன. அதன்பின் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1981-ல், சூசன் ஜாக்சன் என்பவரோடு சேர்ந்து, இதை அளக்கும் கேள்வித்தாளை உருவாக்கினார். அதன்படி பர்ன்அவுட்டுக்கு மூன்று முகங்கள்.

முதலாவது, மனம் வற்றிப்போவது. உடம்பு அசதி வேறு. நன்றாகத் தூங்கி எழுந்தபிறகும் "இன்னைக்கும் போகணுமா" என்ற நினைப்பு நெஞ்சில் கல்லாக உட்கார்வது இது.

இரண்டாவது, எதிரில் இருப்பவர் மனிதராகத் தெரியாமல் போவது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் திமிராகத் தெரிவது இதுதான். "பதினாலாம் பெட்", "அந்தப் பாய்சன் கேஸ்" என்று வார்டில் சொல்வது சாதாரணம். அது வேலை மொழி, அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. பாய்சன் கேஸ் என்று சொன்னவரே பூச்சிமருந்து குடித்து வந்த அந்தப் பெண்ணின் பக்கத்தில் ராத்திரி முழுக்க நின்று, நாடித்துடிப்பும் கண்பாவையும் பார்த்துப் பார்த்து அட்ரோபின் என்ற விஷமுறிவு மருந்தை ஏற்றிக்கொண்டிருப்பார். காலையில் அவள் கண் திறந்தால் சந்தோஷப்படுவார். பர்ன்அவுட் வந்தவருக்கு இந்தச் சந்தோஷம் வருவதில்லை. கண் திறந்தாலும் ஒன்றுதான், திறக்காவிட்டாலும் ஒன்றுதான். செய்ய வேண்டியதைக் கை செய்யும். "குடிக்கும்போது தெரியலையா?" என்று வாய் கேட்கும். உணர்ச்சி வற்றிய மனம் மிச்சம் மீதியையாவது காப்பாற்றிக்கொள்ளக் கதவைச் சாத்திக்கொள்கிறது. தற்காப்பாகத் தொடங்குவதுதான். ஆனால் நோயாளிக்கு மட்டும் என்று கதவைச் சாத்த முடிவதில்லை. நண்பர்களுக்கும் வீட்டுக்கும் சேர்த்தே சாத்திக்கொள்கிறது.

மூன்றாவது, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம். நன்றாக வேலை செய்பவர்களுக்கும் வரும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய்ப் பட்டியலின் 11-வது பதிப்பை ஏற்றபோது பர்ன்அவுட்டை விளக்கிச் சேர்த்தது. ஆனால் நோய் என்று சொல்லவில்லை. பணியிடத்தில் நீண்ட நாள் தொடரும், சரிவரக் கையாளப்படாத ஸ்ட்ரெஸ்ஸால் வரும் நிலை என்றது. வேலையோடு தொடர்புடைய விஷயங்களுக்கு மட்டும்தான் இந்தச் சொல் என்றும் வரம்பு கட்டியது. குறையை ஆளுக்குள் தேடாமல் வேலையில் தேடச் சொல்லும் வரையறை இது.

மனச்சோர்வு நோயும் இதுவும் ஒன்றா?

இல்லை, ஆனால் பக்கத்து வீடுகள். பர்ன்அவுட் வேலையைச் சுற்றியே இருக்கும். நீண்ட விடுப்பில் ஊருக்குப் போனால் கொஞ்சம் இளகும், கிரிக்கெட் பார்த்தால் ரசிக்க முடியும். மனச்சோர்வு நோய் எங்கே போனாலும் கூடவே வரும். சாப்பாடு, தூக்கம், பிடித்த பாட்டு, அம்மாவின் குரல் என எல்லாவற்றிலிருந்தும் ருசியை எடுத்துவிடும். ஒன்று முற்றி மற்றொன்று சேர்ந்துகொள்வதும் உண்டு. சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறது என்றால் அதை பர்ன்அவுட் என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. அது அவசர சிகிச்சைக்கு உரியது.

பயிற்சிக் காலம் ஒருவரை எவ்வளவு மாற்றுகிறது என்பதற்கு என்னிடம் கேட்டால் சிறந்த சாட்சி ஸ்ரீஜன் சென் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவும் 2010-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு. பயிற்சி தொடங்குவதற்கு முன்பே இளம் மருத்துவர்களைச் சோதித்து வைத்துக்கொண்டார்கள். அப்போது மனச்சோர்வு அளவுகோலைத் தொட்டவர்கள் 3.9 சதவீதம். பயிற்சி தொடங்கியபின் அதே ஆட்களிடம் வருடம் முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டதில் சராசரி 25.7 சதவீதம். ஆட்கள் அதே ஆட்கள். நடுவில் மாறியது வேலை மட்டும். பலவீனமான பிள்ளைகள் என்ற வாதத்துக்கு இதற்கு மேல் பதில் தேவையா?

சுருக்கிச் சொன்னால், வற்றிய மனம், மனிதரைப் பார்க்காத கண், தன்மேல் நம்பிக்கையின்மை என மூன்றும் வேலையால் சேர்ந்து நெடுநாள் நிலைப்பதுதான் பர்ன்அவுட். வெறும் களைப்பும் வேறு, மனச்சோர்வு நோயும் வேறு.

கடினமான வேலை எல்லாம் ஆளை வற்றடிக்குமா?

வற்றடிக்காது. இருபது வருடம் ராப்பகலாக உழைத்தும் உற்சாகமாக இருக்கும் சர்ஜன்களை நமக்குத் தெரியும். என்ன வித்தியாசம்? 1979-ல் ராபர்ட் கராசெக் என்பவர் ஒரு விடை சொன்னார். வேலையின் சுமையை மட்டும் பார்க்காதீர்கள், அதன்மேல் அந்த ஆளுக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்றும் பாருங்கள் என்றார். சுமையும் அதிகம், பிடியும் அதிகம் என்றால் ஆள் கற்றுக்கொண்டு வளர்வார். சுமை அதிகம், பிடி இல்லை என்றால் நொறுங்குவார்.

இந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஹவுஸ் சர்ஜனைப் பாருங்கள். எந்த நோயாளி எப்போது வருவார், எப்போது சாப்பிடலாம், எப்போது வீட்டுக்குப் போகலாம், எந்தத் துறையில் அடுத்து இருப்போம், எதுவும் அவர் கையில் இல்லை. ஒரு வார்டின் போக்குப் பிடிபட்டு, எந்த சிஸ்டர் எந்த மருந்தை எங்கே வைப்பார் என்று தெரிந்துகொள்ளும்போது போஸ்டிங் முடிந்துவிடும். அடுத்த வார்டில் மறுபடியும் ஒன்றும் தெரியாதவர். முடிவெடுக்கும் அதிகாரம் மேலே, பதில் சொல்லும் பொறுப்பு கீழே. சி.டி. ஸ்கேனுக்கு ஏன் நேரமாகிறது என்பதற்கும் ஹவுஸ் சர்ஜனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஆனால் அட்டெண்டர்கள் சட்டையைப் பிடிப்பது அவரைத்தான். (ஆஸ்பத்திரியில் அட்டெண்டர் என்றால் நோயாளியோடு வந்த உறவினர்.) சீஃப் திட்டினால் பி.ஜி.க்கு விழும், பி.ஜி.யிடமிருந்து ஹவுஸ் சர்ஜனுக்கு இறங்கும். அதற்கும் கீழே படி இல்லை என்பதால் கடைசியில் அது விழுகிற இடம் நோயாளி, அல்லது நர்சிங் மாணவி.

அதோடு, செய்யும் வேலையில் எவ்வளவு மருத்துவம் என்றும் பார்க்க வேண்டும். ரத்தம் எடுக்கலாம், சரி. அந்தக் குப்பியை லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது, ரிப்போர்ட்டுக்காக வரிசையில் நிற்பது, ட்ராலி தள்ள ஆள் இல்லாததால் தானே தள்ளுவது, ஒரே தகவலைக் கேஸ் ஷீட்டிலும் ரெஜிஸ்டரிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் மூன்று தடவை எழுதுவது? இதில் கற்பது என்ன? உழைப்புக்கும் அதற்குக் கிடைக்கும் மதிப்புக்கும் ஏணி வைத்தாலும் எட்டாத தூரம் இருந்தால் ஆள் நோய்வாய்ப்படுவார் என்பது 1996-ல் யோஹானஸ் ஸீக்ரிஸ்ட் முன்வைத்த கோட்பாடு. மதிப்பு என்று அவர் சொன்னது பணத்தை மட்டுமல்ல. "நல்லா பண்ணினேப்பா" என்ற ஒரு சொல்லும் அதில் அடக்கம். நம் வார்டுகளில் அந்தச் சொல் பணத்தைவிட அரிது.

சாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் தன் கைக்கடியில் ஒரு குழந்தை இறந்துபோவதை முதன்முறை பார்ப்பவர், அடுத்த ஐந்தாவது நிமிடம் பக்கத்துப் பெட்டில் ஊசி குத்த நரம்பு தேடிக்கொண்டிருப்பார். அதைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. பேசுவதற்கு நேரம் ஒதுக்குவது பயிற்சியின் பகுதி என்று நினைப்பதுகூட இல்லை. இவ்வளவுக்கும் நடுவில் மேற்படிப்பில் சேர்வதற்கான நீட் பி.ஜி. தேர்வுப் புத்தகம் தலையணைக்குப் பக்கத்தில் திறந்தே கிடக்கும்.

"நாங்களும் இப்படித்தான் கஷ்டப்பட்டோம்"

மூத்த மருத்துவர்கள் இதைச் சொல்லும்போது அதில் பெருமையும் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது. தொடர்ந்து ஒரு நோயாளியைப் பார்த்தால்தான் நோயின் போக்கு புரியும் என்பது சரி. நேரத்தைக் குறைத்தால் பொறுப்பு கைமாறும் தடவைகள் கூடும், ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு தகவல் தவறும் என்பதும் சரிதான்.

அமெரிக்காவின் அனுபவம் இதில் பாடம். 1984-ல் லிபி சயோன் என்ற 18 வயதுக் கல்லூரி மாணவி நியூயார்க் மருத்துவமனையொன்றில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்துபோனாள். பார்த்தவர்கள் பயிற்சி மருத்துவர்கள். பத்திரிகையாளரான அவளுடைய அப்பா விடவில்லை. அதன் விளைவாக 1989-ல் அந்த மாநிலத்தில் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற உச்சவரம்பு வந்தது, 2003-ல் நாடு முழுக்க. 2011-ல் முதலாண்டு பயிற்சியாளர்களுக்குத் தொடர்ச்சியாக 16 மணி நேரம்தான் என்று இறுக்கினார்கள். அப்புறம் பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்த்ததில், தொடர் நேர வரம்பைத் தளர்த்திய மருத்துவமனைகளில் நோயாளிகளின் இறப்பு கூடவில்லை. 2017-ல் 16 மணி நேர விதியை எடுத்துவிட்டார்கள். ஆனால் 80 மணி நேர உச்சவரம்பை யாரும் தொடவில்லை. கடிகாரத்தை மட்டும் திருத்தினால் போதாது என்று இதைப் படிக்கலாம். கடிகாரமே வேண்டாம் என்று படிப்பது தப்பு.

நம் நாட்டில் விதியே இல்லையா என்றால், இருக்கிறது. மத்திய அரசு 1992-ல் ரெசிடென்ட் மருத்துவர்களுக்கு (பி.ஜி.க்களும் இதில் அடக்கம்) வகுத்த முறையில் சாதாரணமாக ஒரு நாளைக்குத் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் டூட்டி கூடாது என்று இருந்தது. மருத்துவக் கல்வியை ஒழுங்குபடுத்தும் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறை, பி.ஜி.க்கள் "நியாயமான நேரம்" வேலை பார்ப்பார்கள், வாரத்தில் ஒரு நாள் விடுப்பு உண்டு என்கிறது. நியாயமான நேரம் எத்தனை மணி என்று சொல்லவில்லை. அதை முடிவு செய்வது யூனிட் சீஃப் என்றால், வகுத்தும் பிரயோஜனமில்லை. அதே ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-ல் வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. அது நடத்திய இணையவழிக் கருத்துக்கணிப்பில் பங்கெடுத்த எம்.பி.பி.எஸ். மாணவர்களில் 27.8 சதவீதம் பேரும், பி.ஜி.க்களில் 15.3 சதவீதம் பேரும் தங்களுக்கு மனநலப் பிரச்சினை கண்டறியப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு இது, நாட்டின் மொத்தக் கணக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படியும் சின்ன எண் இல்லை.

யோகா வகுப்பு போதுமா?

பர்ன்அவுட் பற்றிப் பேச்சு வந்தாலே நிர்வாகங்களுக்குத் தோன்றுவது யோகா, தியானம், ஒரு ஊக்கப் பேச்சாளர். டூட்டி முடிந்து தூங்க வேண்டிய நேரத்தில் கட்டாயமாக ஆடிட்டோரியத்தில் உட்கார வைத்து ஸ்ட்ரெஸ்ஸைக் குறைப்பது எப்படி என்று பாடம் நடத்துவது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. தியானத்தால் பலனே இல்லை என்று சொல்ல வரவில்லை. மருத்துவர்களுக்கான முயற்சிகளை ஒப்பிட்டு 2017-ல் வந்த தொகுப்பாய்வு ஒன்றின்படி, தனி ஆளை மாற்றப் பார்க்கும் முயற்சிகளால் கிடைத்த பலன் சிறிது. வேலை நேரம், வேலைப் பங்கீடு என்று அமைப்பை மாற்றியதில் கிடைத்தது அதைவிட அதிகம்.

அமைப்பு மாற்றம் என்றதும் பெரிய திட்டம் வேண்டாம். லேபுக்குக் குப்பி கொண்டுபோக ஓர் ஆள். பூட்டக்கூடிய கதவும் மின்விசிறியும் உள்ள ஓய்வறை, பெண்களுக்குத் தனியாக. ரவுண்ட்ஸ் முடிந்த பத்து மணிக்கு "நீ கிளம்பு" என்று சொல்லும் சீஃப். இறப்பு நடந்த அன்று "வா, டீ குடிக்கலாம்" என்று கூப்பிடும் ஒரு சீனியர். இதில் பாதிக்குப் பணமே செலவாகாது.

உதவி கேட்பதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மருத்துவ மாணவர் மனநலத் துறைக்குப் போனால் அங்கே உட்கார்ந்திருப்பவர் அவருடைய ஆசிரியர், கேஸ் ஷீட் எழுதுபவர் அவருடைய சீனியர். விஷயம் ஹாஸ்டலுக்கு வந்துவிடும் என்ற பயத்தில் பலர் போவதில்லை, தாங்களே மாத்திரை எழுதிப் போட்டுக்கொள்வதும் நடக்கிறது. அந்தப் பயம் உள்ளவர்களுக்கு வெளியே வழி உண்டு. டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டின் 104 எண்ணுக்கும் அழைக்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். போஸ்ட் டூட்டி நாள், அதாவது நீண்ட டூட்டி முடிந்த நாள், லீவு நாள் இல்லை. "இன்னைக்குச் சும்மாதானே இருக்கே" என்று நிச்சயதார்த்தத்துக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள், தூங்க விடுங்கள். அதைவிட அவசரமானது வீட்டுக்கு வரும் வழி. நீண்ட டூட்டி முடித்து வண்டி ஓட்டிய அமெரிக்கப் பயிற்சி மருத்துவர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு 2.3 மடங்கு என்று 2005-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அங்கே கார், இங்கே பெரும்பாலும் பைக்கும் ஸ்கூட்டியும். அட்மிஷன் நாளில் மட்டும் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போய் வரச் சொல்லுங்கள்.